ஃபிட்டர் தேர்ந்தெடுத்த மெஷின்

கடையில் ஆறு வேக்குவம் க்ளீனர்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஃபிட்டர் ஒவ்வொன்றையும் ஓடவிடச் சொல்லி, அதன் முதுகில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். விற்பனைப் பெண்ணுக்குக் கால் கடுத்தது. இப்படி நாடி பிடித்து மெஷின் வாங்குகிற ஆளை அவள் பார்த்ததே இல்லை.

அவருக்கு அது பழக்கம். நூற்பாலையில் முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். பத்தே வருஷத்தில் மில் இரைச்சல் காதைத் தின்று தீர்த்தது. மீதி வருஷங்களைக் கையை வைத்தே ஓட்டினார். பேரிங் தேய்ந்திருக்கிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா, எல்லாவற்றையும் உள்ளங்கை சொல்லிவிடும். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்று இன்றைக்கும் மார்தட்டிக்கொள்வார். மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்த காதுக்கருவியை, உள்ளே எவனோ விசிலடிக்கிறான் என்று ஒரே வாரத்தில் கழற்றிப் போட்டுவிட்டார்.

"இதை எடுத்துக்கங்க ஐயா. நாய், பூனை இருக்கற வீட்டுக்குன்னே வர்றது. முடி சிக்காது, சத்தமும் இருக்காது" என்று அந்தப் பெண் உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னாள்.

அவர் கையை வைத்துப் பார்த்தார். "ஓடுதா இது? உசிரே இல்லையேம்மா."

கடைசியாக மூலையில் நின்ற பெரிய உருளையை ஓடவிட்டார்கள். அதன் அதிர்வு முழங்கை வரை ஏறியது. ஃபிட்டருக்கு வாயெல்லாம் பல். அந்தப் பெண் காதைப் பொத்திக்கொண்டே அதை நிறுத்தினாள். "ஐயா, இது பட்டறைக்கு வாங்கறது. வீட்டுக்குள்ள ஓட்டினா காது கிழிஞ்சிடும்!"

"எனக்குக் கிழியறதுக்கு என்னம்மா மிச்சம் இருக்கு?"

அவளும் சிரித்துவிட்டாள். சிரிக்காமல் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். ஆனால் தலைகீழாக நின்று சொல்லியிருந்தாலும் மனிதர் கேட்டிருக்க மாட்டார்.

வீட்டு நிலைமை அப்படி. மருமகளுக்கு எட்டாம் மாதம். ஃபிட்டரிடம் ஒரு நாயும் இரண்டு பூனைகளும் இருந்தன. முகவாயில் தொங்கும் முடியால் நாய்க்குத் தாடி என்று பெயர். சோபாவில் முடி, சோற்றுத் தட்டில் முடி, பூனைகள் தோண்டிப் போட்ட தொட்டி மண் கூடம் முழுக்க. "மாமா, எனக்கும் அதுங்க மேல பாசம்தான். ஆனா குழந்தைக்கு மூச்சு திணறும்னு டாக்டர் பயமுறுத்தறாங்க. வீடு சுத்தமா இருந்தா அதுங்க இருக்கட்டும். இல்லன்னா அனுப்பிடணும்" என்று அவள் சொன்னபோது அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

பூனைகளைக்கூட விட்டுக்கொடுத்துவிடுவார். தாடியை முடியாது. மனைவி போனபிறகு அவருக்குக் காதாக இருந்தது அதுதான். அழைப்பு மணி அடித்தால் ஓடிவந்து முழங்காலில் மூக்கால் இடிக்கும். குழாயை மூட மறந்தால் சட்டையைப் பிடித்து இழுக்கும். இரவில் அவர் பாதத்தின் மேல் தலையை வைத்துத் தூங்கும். அது இல்லாத வீட்டில் தானும் ஒரு மர அலமாரிதான் என்று அவருக்குத் தெரியும்.

மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பியதும் மெஷினை எடுப்பார். முடி வெளியே பறக்காமல் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொள்வார். காலை ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை, அவர்கள் திரும்புவதற்கு முன் ஒரு முறை. பூனைகள் முதல் நாளே அவர் சாத்த மறந்த குளியலறை ஜன்னல் வழியாக ஓடிவிட்டன, சாப்பாட்டுக்கு மட்டும் வந்துபோயின. கீழ்வீட்டு அம்மாள் மாடிப்படியில் நிறுத்திக் கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னாள். பேரக்குழந்தையைப் பற்றி விசாரிக்கிறாள் என்று நினைத்து, "அடுத்த மாசம்மா" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு வந்தார்.

நாலாவது நாள் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. உதிர்ந்த முடியைத் துரத்துவதைவிட, உதிரும் இடத்திலேயே பிடித்தால் என்ன? தாடியைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, மெஷினின் குழாயை அதன் முதுகின் மேலேயே ஓட்டினார். இன்னொரு கையை அதன் விலாவில் வைத்திருந்தார். அதன் உடம்பு தடதடவென்று நடுங்கியது. மெஷினின் அதிர்வுதான் இப்படி ஏறுகிறது, என்ன பலம் என்று வியந்துகொண்டார். அன்றிலிருந்து அவர்கள் வேலைக்குப் போகிற நாளெல்லாம் மூன்று வேளை அது நடந்தது.

வீடு கண்ணாடியானது. மருமகள் சோபாவைத் தடவிப் பார்த்து, "மாமா, கலக்கிட்டீங்க" என்றாள். ஆனால் நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அவர் கூப்பிட்டால் வரவில்லை. அவர் அறைக்குள் நுழைந்தால் நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டது. குழந்தைக்கென்று வாங்கி வைத்த மெத்தையிலும் விட்டது. வயதாகிவிட்டது, மூளை கலங்கியிருக்கும் என்றான் மகன். ஃபிட்டர் அப்போதெல்லாம் தரையைக் கழுவிவிட்டு, இன்னும் அதிக நேரம் மெஷினை ஓட்டினார். சுத்தமாக இருந்தால் விட்டுவிடுவார்கள் என்று நம்பினார்.

அடுத்த புதன்கிழமை மருமகள் சாவியை மறந்துவிட்டுப் போய், மத்தியானமே தலைசுற்றலோடு திரும்பி வந்தாள். மணியை அடித்தாள், கதவைத் தட்டினாள், கணவனுக்குப் போன் செய்தாள், அவன் எடுக்கவில்லை. ஃபிட்டர் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் இடிக்க யாரும் வரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துத் தற்செயலாகக் கதவைத் திறந்தவர், அவள் படியில் சுவரோடு சாய்ந்து கிடப்பதைப் பார்த்தார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மகன் அன்று மாலையே முடிவெடுத்துவிட்டான்.

"அப்பா, இனி முடியாதுப்பா. அது ஒண்ணுக்கும் உதவல, வீட்டையும் நாறடிக்குது. காப்பகத்துல சொல்லிட்டேன்."

மகன் கழுத்து வாரைப் பிடித்ததும் தாடி வாலை ஆட்டிக்கொண்டு அவனுக்கு முன்னால் படியிறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பூனைகளின் முடியைக் கூட்ட மகன் முதல்முறையாக அந்த மெஷினைப் போட்டான். போட்ட வேகத்தில் நிறுத்தினான். மருமகள் வயிற்றை ஒரு கையாலும் காதை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து ஓடிவந்தாள். இரண்டு பேர் முகமும் வெளுத்திருந்தன.

"அப்பா, இதையா தினமும் ஓட்டினீங்க?"

"மூணு வேளை" என்றார் அவர் பெருமையாக.

மருமகள் அவருக்கு எதிரே வந்து நின்று நிதானமாகக் கேட்டாள். "அப்ப தாடி எங்க இருக்கும் மாமா?"

"என்கிட்டதான். கால்ல இடுக்கிப் பிடிச்சுக்கிட்டு அதும்மேலயே ஓட்டுவேன். உடம்பெல்லாம் நடுங்கும். மெஷின் நடுக்கம்னு..."

யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மகன் தலையைக் குனிந்துகொண்டு பிளக்கைப் பிடுங்கினான். நாளைக்கே போய்க் கூட்டிக்கொண்டு வரலாம் மாமா என்று மருமகள் அழுதாள்.

மறுநாள் விடிந்ததும் யாருக்கும் சொல்லாமல் ஃபிட்டர் தனியாகப் பஸ் ஏறினார். காப்பகத்தில் கம்பி வலை போட்ட அறைகளைத் தாண்டி ஒரு ஊழியர் அவரை அழைத்துப் போனார். ஐந்தாவது அறையில் தாடி இருந்தது. ஊழியர் வலைக்குள் விட்ட விரலை நக்கி வாலை ஆட்டியது. பிறகு அவரைப் பார்த்தது.

பின்னால் நகர்ந்து நகர்ந்து கடைசிச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டது. கால்களுக்கு நடுவே ஈரம் பரவியது. மெஷின் இங்கே இல்லையே, நான்தானே வந்திருக்கிறேன் என்று நினைத்தார். அப்புறம்தான் புரிந்தது, அதற்கு இரண்டும் ஒன்றுதான்.

ஊழியர் அவர் பக்கம் திரும்பினார். "உங்க நாயா ஐயா?" உதடு தெளிவாகத் தெரிந்தது.

"இல்லப்பா" என்றார் ஃபிட்டர். "நான் தேடி வந்தது இது இல்ல."

சொல்லிவிட்டு, அது மூலையை விட்டு வெளியே வரட்டும் என்று வாசலை நோக்கி வேகமாக நடந்தார்.