வாத்தியார் பார்க்கும் படலம்

சம்பந்தி வீட்டுக் கூடத்தில் ஒரு பியானோ இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு காபியைக் குடித்திருக்கலாம். விதி விடவில்லை. காரைக்காலில் பாசன அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற நெடுமாறன் நான். எதைக் கேட்டாலும் 'தெரியாது' என்று சொல்லிப் பழக்கமில்லை.

"உங்க வீட்ல யாராச்சும் வாசிப்பீங்களா சம்பந்தி?" என்று மாப்பிள்ளை ஸ்டெஃபானின் அப்பா சவியே கேட்டார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற மனுஷன். மரியாதைக்குத்தான் கேட்டார்.

"ஏன், நானே வாசிப்பேனே. கீபோர்டு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி மதிவதனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நெரவியில் எங்கள் வீட்டில் சத்தம் போடுகிற கருவி என்றால் மிக்ஸி ஒன்றுதான். அதற்கு அடுத்தபடி நான்.

"ட்ரே பியான்! ரொம்ப நல்லது!" என்று சவியே கைதட்டினார். "அப்ப ரிசப்ஷன்ல பொண்ணோட அப்பா ஒரு பாட்டு வாசிக்கிறாரு. முடிவு பண்ணியாச்சு!"

அன்று இரவே பாரிஸ் வரைக்கும் சேதி போய்விட்டது. மறுநாள் சென்னையிலிருந்து என் மகள் எழில்மதி போனில் பிடித்துக்கொண்டாள். "ஸ்டெஃபானோட சித்தப்பா, அத்தை எல்லாரும் இதைக் கேக்கத்தான் வர்றாங்களாம்பா. நீங்க பாட்டுக்கு அளந்து விட்டுட்டீங்க. வாசிக்கலைன்னா நான் அந்தக் குடும்பத்துல என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்கிறது?"

"வாசிக்கிறேன்மா. தையிலதானே கல்யாணம், இன்னும் எவ்வளவு நாள் கெடக்கு!"

நாள் கிடந்தது உண்மை. கீபோர்டும் வாங்கினேன். ஆனால் நல்ல நாள் பார்க்காமல் வித்தை தொடங்கலாமா? விஜயதசமி வரைக்கும் அதைப் பெட்டியோடு பூஜை அறையில் வைத்துக் காத்திருந்தேன். பொட்டு மட்டும் தினமும் வைத்தேன்.

அப்புறம் வாத்தியார் தேடும் வேலை. ஆரம்பப் பாடம் படிப்பவன் வாத்தியாரை எப்படித் தேர்ந்தெடுப்பது? எனக்குத் தெரிந்ததெல்லாம் மாப்பிள்ளை பார்ப்பதுதான். எழில்மதி தன் மாப்பிள்ளையைத் தானே பார்த்துக்கொண்டுவிட்டதால், நான் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த கேள்விகளெல்லாம் செலவாகாமல் அப்படியே கிடந்தன. அத்தனையையும் வாத்தியார்கள் தலையில் இறக்கினேன்.

முதலில் வந்தவர் ஆபித். கல்யாணக் கச்சேரிகளில் வாசிக்கிற இளைஞர். மதிவதனி கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்தாள்.

"சொந்த ஊரே காரைக்கால்தானா? அப்பா என்ன பண்றாங்க? கூடப் பொறந்தவங்க எத்தன பேரு? கோவம் கீவம் வருமா?"

ஆபித் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு, "அங்கிள், பாடம் கத்துக்கத்தானே கூப்பிட்டீங்க?" என்று சந்தேகத்தோடு கேட்டார்.

பாடமும் நடத்தினார். "உள்ளங்கைக்குள்ள ஒரு எலுமிச்சம்பழம் இருக்கிற மாதிரி விரல வளைங்க. ச, ரி, க, மூணு விரல். இப்பக் கட்டைவிரல் அடியில நொழஞ்சு போய் 'ம'வத் தொடணும்." என் கட்டைவிரல் எங்கேயும் நுழையவில்லை. அதற்குப் பதிலாக முழங்கை மேலே எழும்பியது.

"அங்கிள், முழங்கை பறக்குது."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு ஆபீஸையே நடுங்க வைத்த முழங்கை அது. "வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டேன்.

அடுத்து சர்ச்சில் வாசிக்கும் ஃபிரான்க். அவரும் அதே எலுமிச்சம்பழம், அதே கட்டைவிரல். ஆனால் பென்சிலால் என் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டினார். கைநீட்டுகிற ஆள் நமக்கு ஒத்துவருமா? ஒருவர் போனிலேயே பாடம் எடுத்தார். அவருக்குப் பஜ்ஜி கொடுக்க வழியில்லை, அப்புறம் குணம் எப்படித் தெரியும்? நெடுங்காட்டிலிருந்து வந்தவர் மட்டும், நான் ஒரு கட்டையை அமுக்கியதுமே கண்ணை மூடித் தலையாட்டினார். "சாரோட கையிலயே சுருதி இருக்கு!"

அவர்தான் வாத்தியார் என்று முடிவு செய்து அடுப்படிக்குப் போய்ச் சொன்னேன்.

"அவரு கேசரியையும்தான் ஆகா ஓகோன்னாரு," என்றாள் மதிவதனி. "நான் அதுல சர்க்கரை போடவே மறந்துட்டேன்."

அவரும் போனார். ஐப்பசி மழை போய், கார்த்திகை போய், மார்கழியும் வந்துவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் முதல் பாடம் நடத்தினார்கள். நான் எல்லோரையும் முதல் பாடத்தோடு அனுப்பினேன். முழங்கை பறந்துகொண்டே இருந்தது. எழில்மதி போனில், "என்ன பாட்டுப்பா?" என்று கேட்கும்போதெல்லாம், "சர்ப்ரைஸ்" என்றேன். எனக்கே அது சர்ப்ரைஸ்தான்.

கடைசியாக ஷந்தால் வந்தார். காரைக்காலிலேயே நல்ல டீச்சர் என்று பேர். "எங்கிட்ட ஒரே ஒரு எடம்தான் இருக்கு. பாத்துட்டுச் சொல்றேன்" என்று போனிலேயே கறாராகச் சொல்லியிருந்தார். நான் அவரைப் பார்ப்பதாக இருந்தேன். அவரோ என்னைப் பார்க்க வருவதாகச் சொன்னார். முறை எங்கேயோ மாறிவிட்டது.

"சொந்த ஊரு..." என்று ஆரம்பித்தேன்.

"கையை வைங்க சார்."

வைத்தேன். ச, ரி, க. முழங்கை கிளம்பியது. ஷந்தால் அதைப் பார்க்கவே இல்லை. அவர் பார்வை என்னைத் தாண்டிச் சாப்பாட்டு மேசைக்குப் போயிருந்தது. நானும் திரும்பினேன். பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு மதிவதனி அங்கேயே நின்றிருந்தாள். அவளுடைய வலதுகை மேசை விளிம்பில் இருந்தது. மூன்று விரல் நடந்து, கட்டைவிரல் அடியில் நுழைந்து, மறுபடி நடந்தது. அது நடப்பது அவளுக்கே தெரியவில்லை.

"அம்மா, நீங்க இங்க வாங்க," என்றார் ஷந்தால்.

மதிவதனி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மேல் ச வரைக்கும் போய், தடங்கல் இல்லாமல் திரும்பி வந்தாள். கீபோர்டு வாங்கிய நாளிலிருந்து அன்றுதான் அது அழாமல் பேசியது.

"யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"

"அடுப்படியிலேருந்து கேட்டதுதாங்க. வர்றவங்க எல்லாரும் இதையேதானே சொல்லிக் குடுத்தாங்க. ரெண்டாவது பாடம் வர்றதுக்குள்ள இவங்க அனுப்பிச்சிடுவாங்க." அப்புறம் என்னைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. "ஒவ்வொருத்தரா அனுப்பினப்ப உங்களுக்கு மட்டும்தான் வாத்தியாரு போனாருன்னு நெனச்சீங்க. எனக்கும்தாங்க போனாரு."

அடப்பாவி நெடுமாறா! அடுப்படி மேடையில் எலுமிச்சம்பழமெல்லாம் ஏன் இப்படி நசுங்கிக் கிடக்கிறது என்று ஒருநாள் வீடு அதிரக் கத்தியிருக்கிறேன். அவள் அதைப் பிழிந்து ரசம் வைத்தாள். நான் அந்த ரசத்தையும் குறை சொல்லிக்கொண்டே குடித்தேன்.

ஷந்தால் எழுந்தார். "சார், மனசுல வச்சுக்காதீங்க. தைக்குள்ள அம்மாவுக்கு ஒரு பாட்டு வந்துடும். உங்களுக்கு வராது. எடம் ஒண்ணுதான்."

அக்காவைப் பார்க்க வந்தவர்களுக்குத் தங்கையைப் பிடித்துப்போனால் அக்காவுக்கு எப்படி இருக்கும் என்று அன்று எனக்குத் தெரிந்தது. வீறாப்பாக ஏதாவது சொல்லலாமா என்றுகூட வாய் துடித்தது. மதிவதனியின் கை இன்னும் கட்டைகளின் மேலேயே இருந்தது. எடுக்கச் சொல்லிவிடுவேனோ என்று அந்த விரல்கள் காத்திருப்பதாகப்பட்டது.

"அவளையே எடுத்துக்குங்க," என்றேன்.

அதற்கப்புறம் சவியேவுக்குப் போன் போட்டேன். வாழ்நாளில் முதல்முறையாக அந்த வார்த்தையைச் சொன்னேன். "சம்பந்தி, எனக்கு வாசிக்கத் தெரியாது. அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன். மதிவதனிதான் வாசிக்கப் போறா."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "தெரியும் சம்பந்தி. அன்னிக்கு எங்க பியானோ மூடிய எந்தப் பக்கம் தொறக்கறதுன்னு தெரியாம சுத்திச் சுத்தி வந்தீங்களே. பாவம், தைக்குள்ள கத்துக்குவீங்கன்னு நெனச்சேன்."

ரிசப்ஷனில் மதிவதனி பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து ஒரு பழைய சினிமாப் பாட்டை வாசித்தாள். நடுவில் ஒரு இடத்தில் தப்பு விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு மேலே போனாள். மேடையில் எழில்மதி மேக்கப் கலைய அழுதுகொண்டிருந்தாள். பிரான்ஸ் சொந்தங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். யாரோ மதிவதனி கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

"எனக்கு வாத்தியாரு பாத்துக் குடுத்தது எங்க வீட்டுக்காரங்கதான்," என்றாள் அவள். "ஊரெல்லாம் சல்லடை போட்டு சலிச்சாங்க."

கைதட்டல் என் பக்கம் திரும்பியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நான் தலையைத் தூக்கவே இல்லை. அந்தப் பெருமையில் எனக்கு ஒரு துளி பாத்தியதை கிடையாது. அதைத் தெரிந்துகொண்டேதான் அவள் கொடுத்தாள். கண் கலங்கிவிட்டது. ஏசி காற்று என்று சவியேவிடம் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் சொந்தங்களெல்லாம் கிளம்பியபின், கீபோர்டு முன்னால் போய் நின்றேன். "ஆரம்பப் பாடத்துக்கு ஆள் எடுப்பியா?" என்று கேட்டேன்.

மதிவதனி அடுப்படிக்குப் போய் ஒரு எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். "முதுக நிமித்துங்க. முழங்கை பறந்துச்சு, இதாலயே அடிப்பேன்."

நிமிர்ந்தேன். இந்த வாத்தியாரின் ஊர், குடும்பம், குணம் எதையும் நான் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. அதையெல்லாம் எங்கப்பா முப்பது வருஷத்துக்கு முன்பே விசாரித்துவிட்டார்.