நகராத பள்ளம்

சோதனைக்காகச் சேற்று மாதிரியை உப்புத்தூளோடு சேர்த்து ஷைனி அழுத்தி எடுத்த முதல் வில்லை ஈரம் வாங்கி மங்கிப்போனது. இரண்டாவதும் அப்படியே. ஏசி பழுதாகி, ஐப்பசி மழையின் ஈரம் ஆய்வகத்துக்குள்ளேயே குடியிருந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருந்த அந்தக் கழிவுச் சுத்திகரிப்பு ஆலையில், கூட இருந்த பெண் பிரசவத்துக்குப் போனதிலிருந்து எல்லாச் சோதனையும் இவள் தலையில்தான்.

மூன்றாவது வில்லை தேறியது. அகச்சிவப்புக் கருவியில் வைத்தாள்.

பழைய பேட்டரிகளை உருக்கும் ஆலையிலிருந்து வந்த ஈயச் சேறு அது. ஈயத்தை இறுகப் பிடிக்க ஒரு கரிமப் பொடி கலந்திருந்தார்கள். பிடித்திருந்தால் பொடியின் மூலக்கூறு முன்போல அதிராது. திரையில் ஓடும் கோட்டின் பள்ளம் இடம் மாறிவிடும். மாறவில்லை. வெறும் பொடிக்கு விழுந்த இடத்திலேயே விழுந்தது.

மேலாளர் அருணாச்சலம் வாசலில் வந்து நின்றார். "இன்னாம்மா, ஆச்சா? லாரி லோடு ஏத்திக்கினு நிக்குது."

"பொடி ஈயத்தப் புடிக்கல சார். ரெண்டும் சும்மா பக்கத்துல பக்கத்துல கீது. மழ பேஞ்சா ஈயம் தண்ணியோட போய்டும்."

"போன லோடுல புடிச்சிதே?"

"இந்தச் சேத்துல ஆசிட் ஜாஸ்தி. சுண்ணாம்பு போட்டுத் திரும்பக் கலக்கணும்."

"பேஜாரு" என்றபடி அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. "உனக்கு முடியலன்னா ஊட்டுக்குப் போம்மா. நானே ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டு லாரிய அனுப்பிடறேன்."

போட்டுக்கொள்ளட்டும் என்றுதான் அவளுக்கும் ஒரு கணம் தோன்றியது. இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஆனால் சேறு கொட்டும் மேட்டை ஒட்டித்தான் ஏரி இருந்தது.

"வேணாம் சார். எறக்கச் சொல்லுங்க."

அவர் செல்போனை எடுத்து லோடை இறக்கச் சொன்னார்.

சுண்ணாம்பு கலந்து, மாதிரியைக் கழுவி, உலர்த்தி, மறுபடி வில்லை அழுத்தி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இந்த முறை பள்ளம் நகர்ந்திருந்தது. கழுவிய நீரிலும் ஈயம் இல்லை. அருணாச்சலம் திரையைப் பார்த்து, "சரி" என்றார். அவ்வளவுதான். ஷைனிக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை.

மின்சார ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. செல்போன் அடித்துத்தான் விழித்தாள். கணவன் எட்வர்ட் கூப்பிட்டிருந்தான்.

"எங்க கீற?"

வெளியே பெயர்ப்பலகையைப் பார்த்தாள். "பொன்னேரி."

"கவரப்பேட்டையில எறங்கலயா?"

"தூங்கிட்டேன்."

"அங்கயே குந்து. வண்டி எடுத்துக்கினு வரேன்."

இறங்கி, பிளாட்பார பெஞ்சில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.