விளிம்பு வரை தேநீர்

"அடுப்புகளை முதல்ல இறக்குங்க. கேமரா அப்புறம்," என்றேன்.

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார் எங்கள் நிவாரண அலுவலகத் தலைவர் தலாந்த். பைகே, அதாவது அண்ணன் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். நான் மொழிபெயர்ப்பாளர். அடுத்தவர் பேச்சை மாற்றித் தருவதோடு என் வேலை முடிந்தது, எனக்கென்று வாய் கிடையாது. ஆனால் கூடாரத்துக்குள் நுழைந்ததும் அங்கே குடியிருந்த சைராகுலின் கைக்குழந்தையைப் பார்த்தேன். தகப்பனின் கோட்டில் சுற்றியிருந்தும் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"ஐசிரெக்!" தலாந்த் பல்லைக் கடித்தார். "படிச்ச திமிரா?"

"எங்க வீட்டுல படிச்சது நான் ஒருத்திதான் பைகே. மொத்தத் திமிரும் எனக்குத்தான் வரும்."

வெளியே லாரி பூட்டி நின்றது. லாரிக்குள்ளே நிலக்கரி அடுப்புகள், ஒவ்வொரு பெட்டியிலும் அனுப்பிய நாட்டின் கொடி. தாஜிக்குகளோடு நடந்த எல்லைச் சண்டையில் ஊர் எரிந்ததிலிருந்து ஜனங்கள் கூடாரத்தில்தான். காலையிலேயே பனி விழ ஆரம்பித்துவிட்டது.

அந்த நாட்டுத் தூதரகத்திலிருந்து வந்தவர் என் பேச்சைக் காதில் வாங்காதவர் போல், மரியாதையாகவே பேசினார். சின்ன வேலைதானாம். சைராகுல் கேமரா முன்னால் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டுமாம். மாற்றிச் சொன்னேன்: "எங்க பாதுகாப்புக்கு ஆட்டுமேட்டுல உங்க ரேடார் வேணும்னு நாங்களே கேட்கிறோம்."

"ரேடாரா?" சைராகுல் கேட்டாள். "அதுல ரொட்டி சுடலாமா?"

பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"மேட்டுக்கு அந்தப் பக்கம் தாஜிக்குங்க. ரெண்டு ஊருக்கும் ஒரே வாய்க்கால். மேல அதைக் கொண்டுபோய் நட்டா மறுபடி ரெண்டு பக்கமும் சுட ஆரம்பிக்கும். வீடு போச்சு. அடுத்து கூடாரத்தை எரிக்கவா?"

சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். "புரியுது. ஆனா அந்த வாக்கியம் இல்லாம லாரியைத் திறக்க எனக்கு அனுமதி இல்லை. அடுத்த லாரியும் வராது."

பொய் சொல்கிற முகம் இல்லை. எனக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

சைராகுல் கெட்டிலை எடுத்தாள். அதுவரை அவர் கிண்ணத்தில் ஒரு வாய், இரண்டு வாய் என்றுதான் ஊற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் வழக்கத்தில் கொஞ்சமாக ஊற்றினால், இன்னும் இரு, மறுபடி தருகிறேன் என்று அர்த்தம். இப்போது தளும்பத் தளும்ப ஊற்றி, நெஞ்சில் கை வைத்து நீட்டினாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்க, இருக்கிறதையெல்லாம் எனக்கே ஊத்திட்டாங்க! இதைப் படம் எடுங்க! நெகிழ்ந்துட்டேன்னு சொல்லும்மா."

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"நன்றின்னு மாத்திச் சொல்லு," தலாந்த் என் காதருகே சீறினார். "அவருக்கு என்ன தெரியப்போகுது?"

"குடிச்சிட்டுக் கிளம்புன்னு சொல்றாங்க," என்றேன் தூதரகத்துக்காரரிடம், அவர் மொழியிலேயே.

வாய்க்குப் போன கிண்ணம் பாதியில் நின்றது. தேநீர் அவர் முழங்காலில் கொட்டியது.

"உன் வேலை போச்சு," என்றார் தலாந்த்.

"உங்களுக்கும் ஊத்தட்டுமா பைகே?" கேட்டுக்கொண்டே சைராகுல் அவர் கிண்ணத்தையும் விளிம்பு வரை நிரப்பினாள். அதன் அர்த்தம் தெரியாதது போல் நடிக்க அவரால் முடியாது. எங்கள் ஆள்தானே. காது மடல் சிவந்தது. கிண்ணத்தைத் தொடவில்லை.

பிறகு என் கிண்ணம். அடியில் ஒரே ஒரு வாய் ஊற்றினாள்.

ஒரே மடக்கில் குடித்தேன். நாக்கு பொத்துப்போனது.

"லாரி அப்படியே திரும்பிப் போகும்," தலாந்த் எழுந்தார். "குழந்தைக்கு ஏதாச்சும் ஆனா அந்தப் பாவம் உன் தலையில."

குழந்தை அழக்கூட இல்லை. சின்னதாக முனகியது.

"எஜே, சுத்தியல் இருக்கா?" சைராகுலை அக்கா முறை வைத்துக் கேட்டேன்.

சைராகுல் மூலையைக் காட்டினாள். "கோடாலிதான் இருக்கு."

"லாரிப் பூட்டுக்கு அது போதும்."

மூலையில் சாய்த்திருந்ததை எடுத்தேன். பின்னால் பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து பூட்ஸைத் தேடினார்கள்.

"வேணும்னா இதையும் படம் எடுத்துக்கச் சொல்லுங்க பைகே," என்று சொல்லிவிட்டுத் திரையைத் தள்ளிக்கொண்டு பனிக்குள் இறங்கினேன்.