அந்த வாரம் என் முறை

என் இரண்டு கண்கள் மீதும், வாயில் மிச்சமிருக்கும் ஏழு பற்கள் மீதும் சத்தியம்: இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. கூட்டிச் சொல்லும் பழக்கமே எனக்கு இல்லை. வேண்டுமானால் அங்கங்கே கொஞ்சம் குறைத்திருப்பேன்.

எங்கள் தெருவில் எல்லோரும் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். நான் பெயின்டர். என் தம்பி டைல்ஸ் ஒட்டுகிறவன். ஆனால் ஊரில் எங்கே எது காணாமல் போனாலும் போலீஸ் ஜீப் எங்கள் தெருவுக்குத்தான் வரும். எங்கள் முப்பாட்டன்களைத் திருட்டுக் கூட்டம் என்று யாரோ ஒரு காகிதத்தில் எழுதிவைத்தார்களாம். எழுதியவரும் செத்து, காகிதமும் செல்லரித்துப் போன பிறகும் ஜீப்புக்கு வழி மறக்கவில்லை.

ஒரு தடவை நான் லாக்கப்புக்குள் இருந்தபோது வெளியே நடந்த திருட்டுக்கும் என் மேலேயே கேஸ் எழுதினார்கள்.

"ஏட்டய்யா, நான் மூணு நாளா இங்கதானே உக்காந்திருக்கேன்?" என்றேன்.

"அதான்டா எனக்கும் புரியல. எப்படிடா போயிட்டு வந்தே?" என்று பூட்டை இழுத்துப் பார்த்தார் ஏட்டய்யா. அவர் முகத்தில் கொஞ்சம் மரியாதைகூடத் தெரிந்தது.

யாரைப் பிடிப்பது என்பதில் போலீஸுக்கு ஓர் ஒழுங்கு கிடையாது. கல்யாண மாப்பிள்ளையைப் பிடிப்பார்கள், முந்தின நாள்தான் வேலையில் சேர்ந்தவனைப் பிடிப்பார்கள். அதனால் நாங்களே முறை வைத்துக்கொண்டோம். தெருமுனைத் தையல்காரர் தன் கடைக் கதவில் சாக்பீஸால் எழுதிவிடுவார்: இந்த வாரம் இன்னார். ஜீப் வந்து நின்றதும் அந்த ஆள் ஒரு மாற்றுச் சட்டையோடு தானே போய் ஏறிக்கொள்வான். இரண்டு நாள் அடி, மூன்றாம் நாள் வீடு. ஒருமுறை ஜீப் வரத் தாமதமாகி, முறைக்காரன் பஸ் பிடித்து ஸ்டேஷனுக்கே போய், "என்னய்யா, மறந்துட்டீங்களா?" என்று கோபித்துக்கொண்டான்.

அந்த வாரம் முறை என்னுடையது. செவ்வாய்க்கிழமை காலை ஜீப் வந்தது. யாரோ பெரிய மனிதர் வீட்டுத் தண்ணீர் மோட்டாரைக் காணவில்லையாம். நானோ ஒரு பல் டாக்டர் வீட்டு முன்சுவருக்கு முதல் கோட் அடித்து முடித்து, இரண்டாவது கோட்டுக்கு ஒரு டிரம் நிறையப் பெயின்ட் கலந்து வைத்திருந்தேன். கையால் கலந்த நிறம். இரண்டு நாள் விட்டால் ஆடை கட்டிவிடும். மறுபடி கலந்தால் அதே நிறம் வராது, சுவர் தேமல் விழுந்த முதுகு மாதிரி ஆகிவிடும்.

தம்பி வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நீ போய்ச் சுவர முடி. நான் போறேன்."

"டேய், உன் முறை அடுத்த மாசம்டா."

"அடுத்த மாசம் நீ போ. அடிக்கிற கைக்கு அண்ணன் தம்பி தெரியவா போகுது? உன் எலும்புல அடிச்சா அவங்க கைதான் வீங்கும், பாவம்."

வாயைக் கொப்பளித்துவிட்டு ஏறிப் போனான். மாற்றுச் சட்டைகூட எடுக்கவில்லை. நான் சுவரை முடித்தேன். அருமையான நிறம். டாக்டர் மிகவும் பாராட்டினார்.

மூன்றாம் நாள் தம்பி வரவில்லை. ஸ்டேஷனில் கேட்டால், "அப்படி யாரும் இங்க வரலையே" என்றார் ஏட்டய்யா, மேஜையைப் பார்த்துக்கொண்டு. தம்பி பொண்டாட்டி வாசற்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

"உங்க முறைக்குத்தானே மாமா அவரு போனாரு. நீங்கதான் கூட்டிட்டு வரணும்," என்றாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

அதனால்தான் சங்கத்தில் சேரப் போனேன். எங்களைப் போல, பிறந்த தெருவாலேயே குற்றவாளியாகிவிட்டவர்களுக்காக வாதாடும் உரிமைச் சங்கம். அச்சகத்துக்கு மேலே ஒரே ஓர் அறை. கீழே மெஷின் ஓடினால் மேலே நாற்காலி நகரும்; கதவோரம் உட்கார்ந்த நான் பேசி முடிப்பதற்குள் ஜன்னலோரம் போய்ச் சேர்ந்திருந்தேன். சங்கத்து வக்கீலம்மா உறுப்பினர் படிவத்தை எடுத்தார்.

"இதுக்கு முன்னாடி கைதாகியிருக்கீங்களா?"

"ஒரு வரிதான் விட்டிருக்கீங்க. பத்தாதும்மா."

"எத்தன தடவ?"

"நாப்பத்தொண்ணு. சைக்கிளு, கோழி, அண்டா, ஒரு தடவ ஒரு பாலம்."

"பாலமா?"

"இரும்புப் பாலம். எங்கடா ஒளிச்சு வச்சேன்னு கட்டிலுக்கு அடியில டார்ச் அடிச்சுப் பாத்தாங்க."

கதவில் முறை எழுதும் ஏற்பாட்டையும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஐயா, நீங்களே ஆள் எடுத்துக் குடுத்திருக்கீங்க."

"ஒழுங்கா நடக்கணும்லம்மா."

"எது ஒழுங்கா நடக்கணும்?"

நாற்பது வருடமாக எங்கள் தெருவில் யாரும் அதைக் கேட்டதில்லை.

"சங்கத்துகிட்ட என்ன எதிர்பாக்கறீங்க?" என்று படிவத்தின் கடைசிக் கேள்வியைப் படித்தார்.

"தம்பி வேணும்மா."

அதை அவர் எழுதவில்லை. எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு நடந்ததுதான் விசேஷம். மறுநாள் காலை தையல்காரர் கதவிலிருந்த எழுத்தை ஈரத்துணியால் துடைத்தார். தெருவே கிளம்பியது. நூற்று எழுபத்து மூன்று பேர் ஸ்டேஷன் வாசலில் வரிசையாக நின்று, "மோட்டாரத் திருடினது நான்தான்" என்று ஆளாளுக்கு ஒப்புக்கொண்டோம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாக்குமூலம் எழுதியாக வேண்டும் என்று வக்கீலம்மா பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். பதினோரு மணிக்குக் காகிதம் தீர்ந்தது. பன்னிரண்டு மணிக்கு ஏட்டய்யாவின் விரல் மடங்கவில்லை. வரிசையின் வால் அடுத்த தெருவரை போய்விட்டதால், தபால்காரர் ஒருவர் விஷயம் தெரியாமல் வந்து நின்று அவரும் ஒப்புக்கொண்டார். மூன்று மணிக்கு மோட்டாரின் சொந்தக்காரரே ஓடிவந்து, அதைத் தானே மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு மறந்துபோனதாகச் சொன்னார். அவரையும் வரிசையில் நிற்கச் சொன்னார்கள்.

நான்கு மணிக்குக் கதவைத் திறந்து தம்பியை வெளியே விட்டார்கள். நடந்துதான் வந்தான். இரண்டு காலாலும். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. நான் சட்டையைத் தூக்கியே பார்த்தேன். முகம் எப்போதும் போலவே இருந்தது. பார்த்த உடனே அடையாளம் தெரிந்தது.

"என்னண்ணே, ஊரையே கூட்டிட்டு வந்திருக்கே? மானம் போகுது," என்றான். வழியெல்லாம் என் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தான். வாசற்படியில் இருந்தவளைப் பார்த்து, "எழுந்திரு, பசிக்குது" என்றான். அவள் எழுந்தாள்.

சங்கத்தின் பதிவேட்டில் நான் சேர்ந்த தேதி இருக்கிறது. அது தம்பியைப் புதைத்த மறுநாள்.