சூடு ஆறாத பட்டன் தொழிற்சாலை

கேட்டில் ‘சஸ்பென்ஷன்’ என்று நோட்டீஸ் ஒட்டிய திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, பட்டன் தொழிற்சாலை மூன்று மாடியிலிருந்து இரண்டு மாடி உயரத்துக்குக் குறைந்தது. இடியவில்லை, விரிசலும் விடவில்லை. சன்னல்கள், புகைபோக்கி, கேட் எல்லாம் ஒரே அளவாகச் சிறுத்தன. எதிர்ச்சாரித் தையற்காரர் தன் கடைக்குள் வராத வெயில் வந்து விழுவதைப் பார்த்துத்தான் விஷயத்தைக் கவனித்தார். தொழிலாளர்கள் அத்தனை பேரும் நோட்டீஸ் படிக்க ரோட்டுக்கு வந்திருந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் இரண்டே பேர்: கூண்டில் தூங்கிய வாட்ச்மேன், அச்சு மிஷினை ஓட்டிய அண்ணன். அவனுடைய தம்பி அதே தொழிற்சாலையில் ஃபிட்டர். அன்றைக்குப் பல்வலி என்று லீவு போட்டிருந்தான். அந்தப் பல்லை அவன் கடைசிவரை மன்னிக்கவில்லை.

அண்ணன் வெளியே வராததற்குக் காரணம் இருந்தது. பட்டன் வார்க்கிற பிசின் சூடாக இருக்கும்வரைதான் பிசின். ஒருமுறை ஆறினால் அச்சுக்குள்ளேயே கல்லாக இறுகிவிடும், பிறகு மிஷினைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான். தம்பி ஓடிவந்து கூப்பிட்டபோது அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று. “நோட்டீஸ்ல என்ன வார்த்தை போட்டிருக்கான்?” ஆபீஸ் டைப்பிஸ்ட் அக்காதான் படித்துச் சொன்னாள், சஸ்பென்ஷன் என்றால் நிறுத்தி வைப்பது, திரும்பத் திறக்கலாம் என்று. “அப்ப சூட்டை விடக் கூடாது. குளோஸ்னு போடட்டும், அடுத்த நிமிஷம் வரேன்” என்று சொல்லிவிட்டு அண்ணன் மிஷினிடம் போனான். அவன் உயரம் அப்போதே தம்பியின் மார்புக்குத்தான் வந்தது. அதைச் சொன்னதற்கு, “நான் அப்படியேதான் இருக்கேன், நீதான்டா லீவு போட்டுப் பெருத்துட்டே” என்றான்.

ஒரு கடையைச் சாத்துவதற்கு ஆங்கிலத்தில் இத்தனை வார்த்தைகள் இருப்பது தம்பிக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. ஆறு மாதத்தில் ‘லே ஆஃப்’ வந்தது, தொழிற்சாலை ஒரு வீட்டளவு ஆயிற்று. அடுத்த வருடம் ‘லாக் அவுட்’, தண்ணீர்த் தொட்டியளவு. வாட்ச்மேன் முதல் நோட்டீஸ் அன்றைக்கே சுதாரித்துக்கொண்டு வெளியே குதித்திருந்தார். குதித்த அளவிலேயே நின்றுவிட்டார். சாகும்வரை பஸ்ஸில் அரை டிக்கெட்தான். அவரைப் பார்த்த பிறகு ஊருக்கு விதிமுறை புரிந்தது: வெளியே வந்தால் அதற்கு மேல் குறைய மாட்டார்கள், ஆனால் குறைந்தது குறைந்ததுதான். அண்ணி கேட்டருகே மண்டியிட்டுக் கெஞ்சினாள். முழங்கால் உயரம் இருந்தாலும் பரவாயில்லை, வந்தால் போதும் என்றாள். கம்பெனி அந்த ஒரு வார்த்தையைத் தவிர அகராதியிலிருந்த மற்ற எல்லாவற்றையும் அனுப்பியது. ‘டிஸ்கன்டின்யூ’ வந்தபோது டைப்பிஸ்ட் அக்கா தன் அகராதியில் கால்மணி நேரம் தேடி, இதிலும் கொஞ்சம் நம்பிக்கைக்கு இடமிருக்கிறது என்றாள். நம்பிக்கைதான் அவர்களைக் கெடுத்தது. தம்பி பொறுமை இழந்து தோள்வரை கையை உள்ளே விட்டு அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தான். அண்ணன் ஸ்பேனரால் அவன் விரலில் ஓங்கி ஒரு போடு போட்டான். எறும்பு கடித்த அளவுக்குத்தான் வலித்தது. ஆனால் தம்பி ரோட்டோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

கரண்ட்டை எப்போதோ துண்டித்துவிட்டார்கள். ஹீட்டர் அதைப் பொருட்படுத்தவில்லை. பட்டன்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. முதலில் குழந்தைச் சட்டைக்கு ஆகிற அளவில், பிறகு பொம்மைச் சட்டைக்கு, அப்புறம் ரவை போல. தையற்காரர் ரொம்ப நாள்வரை வாங்கிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். ‘டெர்மினேஷன்’ வந்ததும் இடத்தை வேறு யாருக்கோ விற்றார்கள். தம்பி தொழிற்சாலையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சமையலறை அலமாரியில் வைத்தான். ‘வைண்டிங் அப்’புக்குத் தீப்பெட்டியளவு. ‘லிக்விடேஷன்’னுக்கு மிளகளவு. அண்ணி சாப்பாட்டைக் கரண்டியில் நீட்டிய காலம் போய், ஊசிமுனையில் தொட்டு நீட்டினாள். மூச்சுப் பட்டால் பறந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்கள். குரல் மட்டும் குறையவில்லை. தினமும் காலையில் அலமாரியிலிருந்து அதே கேள்வி வரும். “லெட்டர் வந்துச்சாடா?”

பதினான்காம் வருடம் ஒரு புதன்கிழமை லெட்டர் வந்தது. கண்பார்வை மங்கிப்போயிருந்த டைப்பிஸ்ட் அக்கா அதை முகத்தோடு ஒட்டிவைத்துப் படித்தாள். இந்த முறை அகராதி தேவைப்படவில்லை. “குளோஸ்டுன்னு போட்டிருக்கான்ப்பா. பச்சையா போட்டிருக்கான். அவ்வளவுதான், முடிஞ்சுது” என்றாள். தம்பிக்கு ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. வீட்டுக்கு ஓடினான். அண்ணி ஒரு வெள்ளைத் தட்டின்மேல் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். தட்டின் நடுவில் எள்ளில் கால்வாசிகூட இல்லாத ஒரு புள்ளி இருந்தது. அதற்கு ஒரு கேட் இருக்கும், அந்த கேட்டுக்குள் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு ஆள் இருப்பார். அவர் வெளியே வந்து ஒரு எட்டு வைத்தால் தட்டைத் துடைக்கிற துணிக்கும் தெரியாது, கட்டியவளுக்கும் தெரியாது. அண்ணி லெட்டரைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல், வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள். பதினான்கு வருடம் அந்த ஒரு வார்த்தைக்காக அவள் வேண்டாத நாளில்லை.

“என்னடா, லெட்டர் வந்துச்சா?”

தம்பி வாயைப் பொத்திக்கொண்டான். “வந்துச்சுண்ணே.”

“என்ன வார்த்தை?”

“சஸ்பென்ஷன்தான். பழையபடியே போட்டிருக்கான்.”

“நான்தான் சொன்னேனே, திறப்பான்னு” என்றது தட்டு. குரலில் அப்படி ஒரு தெம்பு. “அப்ப நான் சூட்டைப் பாத்துக்கறேன். நீ வந்து சேர்ற அன்னிக்குப் பல்வலி கில்வலின்னு சாக்கு சொல்லாதே.”

“சரிண்ணே” என்றான் தம்பி. அண்ணி ஊசிமுனையில் ஒரு பருக்கையின் ஓரத்தைத் தொட்டெடுத்து, கேட் இருக்கும் என்று அவள் நினைத்த பக்கமாக நீட்டினாள்.