கம்ப்ளெயின்ட் எதுவும் இல்லை சார்

என் அப்பாவுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்திருக்கிறது. அதை நான் படித்துக் காட்டியபோது அப்பா மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்து கேட்டார். "நல்ல சேதிதானே" என்றார். நல்ல என்பதற்கும் சேதி என்பதற்கும் நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்கிக்கொண்டார்.

சேதியின் மிச்சம் அவ்வளவு நல்லதாக இல்லை. குறை எதுவும் இல்லாததால் ஆக்சிஜன் மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்களாம். ஆட்சேபணை இருந்தால் வியாழக்கிழமை காலை மருத்துவ வாரியத்தின் முன் நேரில் வந்து சொல்லலாம். மெஷினை எடுக்க வண்டி வியாழக்கிழமை மதியம் வரும். ஆட்சேபணைக்கு அவர்கள் எவ்வளவு மரியாதை வைத்திருக்கிறார்கள் என்பது அந்த இடைவெளியிலேயே தெரிந்தது.

அப்பா ராணுவத்தில் சார்ஜென்ட்டாக இருந்தவர். சார்ஜென்ட் என்றதும் துப்பாக்கியைக் கற்பனை செய்ய வேண்டாம். அவர் வேலை குப்பை கொளுத்துவது. முகாமுக்குப் பின்னால் ஒரு பெரிய குழி. டயர், பேட்டரி, பிளாஸ்டிக் தட்டு, காலாவதியான மருந்து, பிய்ந்த பூட்ஸ், எல்லாவற்றையும் அதில் தள்ளி டீசல் ஊற்றிப் பற்றவைக்க வேண்டும். அதற்கு அவருக்குக் கீழே ஒரு சிறு படை. முகமூடி கொடுப்பார்கள், ஜெனரல் பார்வையிட வருகிற அன்றைக்கு. ஜெனரலின் கார் கேட்டைத் தாண்டியதும் எண்ணித் திரும்ப வாங்கிவிடுவார்கள். எதிரி சுட்ட ஒன்றும் அப்பா மேல் பட்டதில்லை. நம் ஆட்கள் தின்றுவிட்டுப் போட்ட தட்டுகள்தான் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன.

மெஷினை ராணுவ மருத்துவமனைதான் கொடுத்தது. ஹாலின் மூலையில் ராத்திரி பகலாக உறுமிக்கொண்டிருக்கும். அம்மா அதற்கு மருமகள் என்று பெயர் வைத்திருக்கிறாள். வந்த நாளிலிருந்து கரண்டைத் தின்கிறது, ஓயாமல் முணுமுணுக்கிறது, ஆனால் அது இல்லாவிட்டால் வீடு நடக்காது. கூடவே ஒரு தாள் கொடுத்தார்கள். அதன் முதல் வரி: இந்த இயந்திரத்தைப் புகை உள்ள இடத்தில் வைக்கக் கூடாது. வைத்தால் உள்ளே பழுதாகிவிடும். அப்பா அதை மெதுவாக இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தார்.

அது இல்லாமல் ராத்திரியைத் தாண்டுவது கஷ்டம் என்று அந்த மருத்துவமனையின் நுரையீரல் டாக்டரே சொல்லியிருந்தார். ஆனால் அவர் நுரையீரல் பிரிவு. வாரியம் வேறு பிரிவு. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சொந்தமாக ஒன்று வாங்கலாமே என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். வாங்கலாம், வீட்டை விற்றால். வீடு வாடகை வீடு.

இத்தனைக்கும் காரணம் அப்பாவின் வாய். போன மாதம் வாரியத்தின் முன் போய் உட்கார்ந்திருக்கிறார். தலைவர் ஓய்வு பெற்ற ராணுவ டாக்டர், பெரிய பதவியில் இருந்தவர். "ஏதாவது கம்ப்ளெயின்ட் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். அப்பா எழுந்து நின்று, குதிகாலைச் சேர்த்து, "இல்லை சார்" என்றிருக்கிறார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முகாமில் வாராவாரம் அதிகாரி சிப்பாய்கள் வரிசையின் முன்னால் நடந்து வந்து இந்தக் கேள்வியைத்தான் கேட்பார். அதற்குப் பதில் ஒன்றுதான் உண்டு. புதிதாகச் சேர்ந்த ஒருவன் மட்டும் ஒரு தடவை, சாப்பாட்டில் கல் கிடக்கிறது சார் என்று சொல்லிவிட்டான். அதிகாரி அக்கறையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அந்த மைதானம் முழுக்கக் கல் பொறுக்கும் வேலையை அவனுக்கே கொடுத்தார். அன்றிலிருந்து அந்தப் படையில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.

வியாழக்கிழமை வருவதற்குள் அப்பாவுக்குக் குறை சொல்லக் கற்றுக்கொடுப்பது என்று அம்மா முடிவு செய்தாள். அவளுக்கு அது கைவந்த கலை. பால்காரர், வீட்டுக்காரர், கடவுள் என்று பாகுபாடு பார்க்காமல் குறை சொல்லுவாள். நான் நாற்காலியில் தலைவராக உட்கார்ந்தேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஏதாவது கம்ப்ளெயின்ட் இருக்கா?" என்றேன். அப்பா எழுந்தார். "இல்லை சார்."

அம்மா கரண்டியோடு அடுக்களையிலிருந்து வந்தாள். "கல்யாணமான நாள்லேர்ந்து என் சமையல்ல குத்தம் கண்டுபிடிச்ச வாய்தானே இது? உப்பு கூடன்னு சொல்லத் தெரியுது, மூச்சு முட்டுதுன்னு சொல்லத் தெரியலையா?"

"உப்பு கூடத்தானே இருந்துச்சு" என்றார் அப்பா.

சட்டி மாமாவும் வந்திருந்தார். அப்பாவின் படைக்குச் சமையல்காரராக இருந்தவர். முகாம் அடுப்பு ஒரு நாள் வெடித்ததில் இரண்டு கையும் வெந்து, விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டுவிட்டன. வாரம் ஒரு தடவை மருத்துவமனையில் பயிற்சி கொடுத்து விரலை நீட்டிவிடுவார்கள். நிறுத்தினால் மறுபடி மடங்கிக்கொள்ளும், அப்புறம் கத்தி வைத்தாலும் திறக்காது. அவரும் அதே வாரியத்தின் முன் போய், அந்தக் கையால் சல்யூட் அடித்துவிட்டு, கம்ப்ளெயின்ட் இல்லை என்றிருக்கிறார். வலது கையை விறைப்பாக உயர்த்த முடிகிறது என்று எழுதிப் பயிற்சியை நிறுத்திவிட்டார்கள்.

அவரை நிற்கவைத்து அதே கேள்வியைக் கேட்டேன். அதே பதில். ஆனால் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. குழாய் இழுபட எழுந்து, "என்ன இல்லை? கையில ஒரு டம்ளர் நிக்குதா சார் இவனுக்கு? சட்டைப் பித்தான் அவன் பொண்டாட்டி போட்டுவிடறா. நல்லா பாருங்க சார்" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். நான் உண்மையிலேயே கொஞ்சம் பயந்துவிட்டேன்.

உடனே சட்டி மாமா ஒரு அடி முன்னால் வந்தார். "சார்ஜென்ட் படி ஏறினா உதடு நீலமாகுது சார். அதை யாரும் பாக்கறதில்லை."

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. தனக்காகக் கேட்டால்தான் வாய் கட்டிப்போகிறது. தன் ஆளுக்காக என்றால் ஜெனரலின் சட்டையைக்கூடப் பிடிப்பார்கள். இரண்டு பேரும் ஒன்றாகப் போய், அவருக்காக இவரும் இவருக்காக அவரும் பேசிவிட்டால் தீர்ந்தது. அன்றைக்குச் சட்டி மாமாவுக்கு இரண்டாவது டீ கிடைத்தது.

வியாழக்கிழமை காலை அப்பா, சட்டி மாமா, நான் மூன்று பேரும் போனோம். கீழே வரவேற்பில் ஒரு சிப்பாயின் பெரிய படம். உங்கள் தியாகத்தை என்றும் மறவோம் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, டோக்கனைத் தொலைத்தால் வேறு டோக்கன் தரப்படாது. நுரையீரல் கெட்டவர்களும் கால் போனவர்களும் வந்து நிற்க வேண்டிய வாரியம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் பராமரிப்பில் இருந்தது. அப்பா ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகளை வெகு கவனமாகப் படிப்பது போல நின்றார். மூன்றாவது மாடிக்கு வந்தபோது தீயணைப்பு விதிகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடமாகியிருக்க வேண்டும்.

ஒவ்வொருவராகத்தான் வர வேண்டும் என்றார் வாசலில் இருந்தவர். இரண்டு பேரும் சேர்ந்து வர வழியில்லை. குடும்பத்தார் ஒருவர் உடன் இருக்கலாம், பேசக் கூடாது.

தலைவர் மரியாதையான மனிதர். கொஞ்சம் மரியாதை இல்லாதவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அப்பாவை உட்காரச் சொன்னார், குடும்பத்தை விசாரித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார். "ஏதாவது கம்ப்ளெயின்ட் இருக்கா?"

அப்பா எழுந்தார். குதிகால் சேர்ந்தது.

"இருக்கு சார்" என்றார் அப்பா.

வெளியே நிற்கும் சமையல்காரனின் கையைப் பற்றி அப்பா சொல்ல ஆரம்பித்தார். அடுப்பு எப்படி வெடித்தது, பழைய அடுப்பு என்று எத்தனை தடவை ஸ்டோருக்குச் சொல்லியும் மாற்றாதது, வெந்த கையோடு அவன் அன்றைக்கு மற்றவர்களுக்குச் சாப்பாடு போட்டுவிட்டுத்தான் மயங்கி விழுந்தது. இவ்வளவு நீளமாக அப்பா பேசி நான் கேட்டதில்லை. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நின்று மூச்சைத் தேடினார். தலைவர் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, அது வேறு ஒருவருடைய விஷயம், அதை இங்கே எடுத்துக்கொள்ள முடியாது என்றார்.

"உங்களுக்கு என்ன கம்ப்ளெயின்ட்?"

"எனக்கு ஒண்ணும் இல்லை சார்."

நான் எழுந்துவிட்டேன். "அவர் உதட்டைப் பாருங்க சார்" என்றேன்.

தலைவர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். "வெயில்ல வந்திருக்காரு. தண்ணி குடுங்க தம்பி" என்றார். பிறகு எழுதத் தொடங்கினார். எழுதும்போது வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் அவருக்கு இருந்தது. மூன்றாவது மாடிக்குத் துணையின்றி ஏறி வந்தார். நீண்ட நேரம் தொடர்ச்சியாகப் பேசினார். குறை எதுவும் இல்லை.

அடுத்துச் சட்டி மாமா உள்ளே போனார். சார்ஜென்ட்டின் நுரையீரலைப் பற்றி உருக்கமாகப் பேசினாராம். அதுவும் வேறு ஒருவருடைய விஷயமாகிவிட்டது.

இறங்கி வரும்போது நான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்தேன். அப்பா, "சத்தம் போடாதடா, ஆபீஸ்" என்றார். அப்போது அவர் மேல் வந்த கோபம் வாரியத்தின் மேல் வந்ததைவிடக் கொஞ்சம் அதிகம்.

மதியம் சொன்ன நேரத்துக்கு வண்டி வந்துவிட்டது. மருத்துவமனைக்குப் போக ஆம்புலன்ஸ் கேட்டால் வராத நேரம் அது. மெஷின்காரர் தள்ளுவண்டியோடு ஹாலுக்குள் வந்தார். அவரும் பாவம், பிள்ளைகுட்டிக்காரர் மாதிரி இருந்தார். அப்பா மூக்கிலிருந்து குழாயைத் தானே கழற்றி, சுருட்டி, மெஷின் மேல் வைத்தார். கெடு முடிந்து சாமான் ஒப்படைப்பவர் போல. சட்டி மாமா சுவரோரம் நின்றார். அம்மா அடுக்களை வாசலில், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு.

மெஷின்காரர் அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கேட்டார். "மெஷின்ல ஏதாவது கம்ப்ளெயின்ட் இருக்கா?"

அப்பா எழுந்துவிட்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்றார் மெஷின்காரர். "பழுதான மெஷினை நான் தொடக் கூடாது. ரிப்பேர் பிரிவுலேர்ந்து ஆள் வந்து, இருக்கற இடத்துலயே வச்சுப் பாக்கணும். அவங்க சொல்ற வரைக்கும் இங்கதான் இருக்கும்."

அப்பா மெஷினைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து அது அவர் பொறுப்பில் இருந்தது.

"இருக்கு" என்றார். "மூச்சு முழுசா உள்ள போறதில்லை. பாதியில நின்னுடுது."

மெஷின்காரர் எழுதினார்.

"ராத்திரி படுக்கவச்சா திணறுது. உக்காரவச்சாத்தான் விடியும். கொஞ்ச தூரம் நகர்த்தினாலே உள்ள நெருப்பு வச்ச மாதிரி இருக்கும். ஆனா சத்தம் போடாது. சத்தம் போட்டா பையன் முழிச்சுக்குவான்னு அடக்கிக்கும்."

மெஷின்காரரின் பேனா நின்றது. நான் தரையைப் பார்த்தேன்.

"எத்தனை நாளா இப்படி?" என்றார் அவர். இப்போது அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"ரொம்ப நாளா. புகையில வச்சிருந்தாங்க. புகையில வைக்கக் கூடாதுன்னு உங்க தாள்லயே போட்டிருக்கு. தெரிஞ்சேதான் வச்சிருந்தாங்க."

"யாரு?"

"கவர்மென்ட்."

அப்பா சொல்லிவிட்டு அப்படியே நின்றார். மெஷின்காரர் குனிந்து, சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். சிவப்பு அட்டை ஒன்றை எடுத்து மெஷினின் கைப்பிடியில் கட்டினார். பழுது. அசைக்கக் கூடாது. நிபுணர் வந்து பார்க்கும் வரை இதே இடத்தில் இருக்க வேண்டும். குழாயை எடுத்து அப்பாவிடம் நீட்டி, "மெஷின் நின்னா இன்னும் கெட்டுடும், ஓடட்டும்" என்றார்.

நிபுணர் எப்போது வருவார் என்று அம்மா கேட்டாள். சொல்ல முடியாதும்மா, அந்தப் பிரிவில் ஆள் பற்றாக்குறை என்றார். அரசாங்கம் மெதுவாக வேலை செய்ய வேண்டும் என்று எங்கள் வீட்டில் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

வண்டி வெறுமையாகப் போன பிறகு நான் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷினுக்கு மூச்சுத் திணறல் என்றால் நிபுணர் வீடு தேடி வருவார். அது மூன்று மாடி ஏற வேண்டாம். அதன் குறையை வேறு ஒருவர் விஷயம் என்று தள்ளமாட்டார்கள். ஏனென்றால் அது அரசாங்கச் சொத்து. அப்பா அப்படி ஒன்றும் இல்லை. அந்த அட்டையை அவிழ்த்து, அந்தத் தலைவர் கழுத்தில் நானே போய்க் கட்டிவிட்டு வரலாம் போலிருந்தது.

அப்பா குழாயை மாட்டிக்கொண்டு சட்டி மாமாவைப் பார்த்தார். "உன் கைக்கு என்னடா பண்றது?"

சட்டி மாமா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வீட்டுக்குக் கொண்டு வந்ததுதான் தப்பு சார்ஜென்ட்" என்றார். "அன்னிக்கே ஸ்டோர்ல ஒப்படைச்சிருக்கணும்."

நகைச்சுவையாகத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

அம்மா டீ கொண்டு வந்தாள். டம்ளரை அவளே தூக்கிச் சட்டி மாமாவின் வாய்க்கு நேராகப் பிடித்தாள். அவர் ஒரு மடக்கு குடித்ததும் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அடுப்பிலிருந்து இறக்கியதும் நேராக எடுத்து வந்திருக்கிறாள். பதறிப்போய், ரொம்பச் சூடா என்று கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைம்மா" என்றார் சட்டி மாமா, நாக்கைச் சுட்டுக்கொண்டு.