இடிமகளின் இடது கால்

‘இடிமகள்’ தொடரின் முதல் பகுதி வந்த வாரம், எங்கள் பார்சல் கிடங்கில் அதைத் திட்டாத வாய் இல்லை. ராத்திரி ஷிப்டுக்கு வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சீக்கிரமே வந்து, கேன்டீன் டிவியில் அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குள் நுழைவார்கள். மின்னலை உள்ளங்கையில் பிடித்து எறிகிற ஒரு பெண்ணின் கதை. பாதி முகத்துக்கு முகமூடி, முழங்கால் வரை தொங்கும் கறுப்பு அங்கி.

“இவ இடிமகளா? மழைக்கோட்டு விளம்பரத்துக்கு வந்த பொண்ணு மாதிரி இருக்கா,” என்றான் ஃபிரேம்.

ஃபிரேம் எங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். எந்தக் காட்சியையும் நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு ஃபிரேமாகப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிப்பான், அதனால் அந்தப் பெயர். ஃபோனில் அந்தத் தொடருக்கு ஒரு ரசிகர் குழுவே நடத்தினான். பிடிக்காத தொடருக்கு எதுக்குடா குழு என்று கேட்டேன்.

“திட்டறதுக்கும் ஒரு எடம் வேணும்ல மச்சான்?”

நான் வாயை மூடிக்கொண்டு பார்சலுக்குப் பட்டை ஒட்டப் போனேன். அந்த மழைக்கோட்டுக்குள் பாதி நேரம் இருந்தது என் அக்கா.

அக்காவுக்கு டூப் வேலை. நடிகை பேசுவாள், அழுவாள், முகமூடியைக் கழற்றிவிட்டு அழகாக மூச்சு வாங்குவாள். குதிக்க வேண்டும், மோத வேண்டும், உருள வேண்டும் என்றால் அக்காவைக் கூப்பிடுவார்கள். எப்போதும் கேமராவுக்கு முதுகைக் காட்டியே நிற்க வேண்டும். வெளியே யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று கம்பெனி கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. இடிமகள் ஒருத்திதான் என்று ரசிகர்கள் நம்ப வேண்டுமாம்.

மூன்றாம் வாரம் இடிமகள் தண்ணீர்த் தொட்டியின் மேலிருந்து குதித்து, ஓடுகிற லாரியின் கூரையில் இறங்கினாள். கேன்டீனில் விசில் பறந்தது. மழைக்கோட்டு என்று சொன்ன அதே வாய் அன்றைக்குத் “தலைவி!” என்று கத்தியது. குழுவில் பழைய வசவுகளை எல்லாம் ஃபிரேம் சத்தமில்லாமல் அழித்துவிட்டான். எச்சில் துப்பிய இடத்திலேயே கோலம் போடுகிற ஆட்கள். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் குதித்தது அக்கா என்பதால் உள்ளுக்குள் கொஞ்சம் பூரிப்பும் இருந்ததை மறைப்பதற்கில்லை.

நான்காம் வாரத்துக் காட்சி எனக்கு முன்பே தெரியும். ஓடாமல் கிடந்த ஒரு மின்நிலையத்தில் எடுத்தார்கள். இரும்புப் படிக்கட்டின் உச்சியிலிருந்து அக்கா கம்பியில் தொங்கி இறங்க வேண்டும். இடுப்பில் மாட்டிய கொக்கி நழுவிவிட்டது. பாதிப் படிக்கட்டுக்கு மேலிருந்து விழுந்தாள். இடது முழங்கால் முதலில் தரையைத் தொட்டது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது, ‘கட்’ என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாத வரைக்கும் நிற்கக் கூடாது என்பது அவள் தொழிலின் பழக்கம். எழுந்தாள். இடது காலை இழுத்து இழுத்து, புகைக்குள் நடந்து மறைந்தாள்.

“அருமை! இதையே வெச்சுக்கலாம்,” என்றாராம் டைரக்டர்.

வலிக்கு ஸ்ப்ரே அடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மூட்டுக்குள் சவ்வு கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்தால்தான் பழையபடி நடக்கலாம் என்றார் டாக்டர். படப்பிடிப்பில் அடிபட்டால் கம்பெனியின் இன்சூரன்ஸில் செய்துவிடலாம். அங்கேதான் புரொடக்ஷன் மேனேஜர் குறுக்கே விழுந்தார். “செட்டுல விழுந்தேன்னு நீதாம்மா சொல்றே. எங்க ஆளுங்க யாரும் பார்க்கலையே. உனக்கு முன்னாடியே முழங்கால் வலி உண்டுல்ல? வீட்டுல கீட்டுல வழுக்கியிருப்பே.” கேமராவில் எடுத்த காட்சி இருக்கிறதே என்றால், அது நடிகை நடித்தது என்றார். அன்றைக்கு அங்கே நின்றவர்கள் ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. எல்லாருக்கும் அடுத்த வேலை வேண்டும்.

அந்தக் காட்சி ஒளிபரப்பான அன்று கேன்டீனில் எல்லார் கையிலும் டீ ஆறிப்போனது. பிறகு ஃபிரேம் மேஜை மேல் ஏறிவிட்டான்.

“டேய், கவனிச்சீங்களா? மின்னல எறிஞ்சா அந்தச் சூடு எங்கயாவது எறங்கணும்ல? இடது கால் வழியா மண்ணுல எறங்குது! கால் கருகிட்டு வருது! ஒவ்வொரு தடவை ஊரைக் காப்பாத்தும்போதும் அவ கால் சாகுதுடா!”

அடுத்த நாளே அது வேதவாக்கு ஆகிவிட்டது. இடது காலில் கறுப்பு நரம்பு ஓடுவதுபோல் படம் வரைந்தார்கள். பேக்கிங் பிரிவில் ஒருவன் ஷிப்ட் முழுக்க நொண்டியபடியே அட்டைப் பெட்டி தூக்கினான். நடிகை ஒரு பேட்டியில், “அந்த நடைக்காக நான் ரொம்ப உழைச்சேன், நெறைய கவனிச்சேன்,” என்று கண் கலங்கினாள்.

வீட்டில் அக்கா கட்டிலில் உட்கார்ந்து, காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு அந்தப் பேட்டியைப் பார்த்தாள்.

“நல்லாத்தான் சொல்றா. நானே நம்பிட்டேன்.”

“நீ சும்மா இருக்கப் போறியா? குழுவுல நான் எழுதிடவா?”

“எழுதி? கம்பெனியக் காட்டிக் குடுத்தவள்னு ஒருத்தனும் என்னை வேலைக்குக் கூப்பிட மாட்டான். எனக்கு வேண்டியது கைதட்டு இல்லடா. நான் அங்கதான் விழுந்தேன்னு அந்த ஆள் வாயால ஒரு தடவை சொல்லணும். அது போதும்.”

ஐந்தாம் வாரம் வேறொரு டூப் வந்துவிட்டாள். இடிமகள் மொட்டை மாடிகளின் மேல் மான் மாதிரி ஓடினாள். இடது கால் புத்தம் புதுசு.

குழு தீப்பிடித்தது. ரசிகனை முட்டாளாக்கிவிட்டார்கள், கதை எழுதுகிறவனுக்கு மறதி நோய், எங்கள் கண்ணீருக்கு யார் பொறுப்பு என்று விடிகிற வரைக்கும் எழுதினார்கள். ஃபிரேம் சாப்பாட்டு டப்பாவையே திறக்கவில்லை.

“ஒரு கால் எப்படிடா ஒரே வாரத்துல ஆறும்? மனசாட்சி வேணாம்?” என்று என்னிடம் கேட்டான்.

என் கையில் பட்டை ஒட்டும் மெஷின் இருந்தது. அதை அவன் தலையில் போடாமல் கீழே வைத்தது அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம். நிஜமான ஒரு முழங்கால் கிழிந்து எங்கள் வீட்டில் கிடக்கிறது. கழிப்பறைக்குப் போகச் சுவரைப் பிடிக்கிறது. அதைப் பற்றி இவர்களுக்குத் தெரியாது என்பது நியாயம்தான். ஆனால் அத்தனை தடவை நிறுத்திப் பார்த்த ஒருத்தனுக்காவது, இது நடிப்பு மாதிரி இல்லையே, யாருக்கோ வலிக்கிறதே என்று தோன்ற வேண்டாமா? மண்ணுக்குள் சூடு இறங்குவது தெரிந்தது இவர்களுக்கு. வலி தெரியவில்லை.

கூச்சல் கம்பெனியை எட்டியது. கடைசிப் பகுதியை இன்னும் எடுத்து முடிக்கவில்லை. மேனேஜர் பழங்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“ரசிகர்கள் அந்த நடையக் கேக்கறாங்கம்மா. கடைசிப் பகுதியில முகமூடி இல்லாம, மேடமே நடந்து வரணும். ஆனா அவங்களுக்கு வர மாட்டேங்குது. செருப்பு கடிக்கற மாதிரி நடக்கறாங்க. நீ வந்து ஒரு மணி நேரம் சொல்லிக் குடேன்.”

அக்கா என்னைப் பார்த்தாள். “எந்த நடை சார்?”

“அதான்... அந்த நடை.”

“அது எனக்கு எங்க வந்துச்சு சார்?”

“அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்மா.”

அவரைப் பழத்தோடு படியில் உருட்டிவிடலாம் என்று நான் எழுந்தேன். அக்கா கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். “வர்றேன் சார்,” என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் போனதும் கத்தினேன். “அன்னைக்கு நின்னவங்க எல்லாரும் அங்க இருப்பாங்க. நேருக்கு நேரா கேட்டுப் பார்க்கறேன்,” என்றாள்.

ஒத்திகைக் கூடத்தில் அப்படி யாரும் இல்லை. சண்டைப் பயிற்சியாளரைக் கூப்பிடவே இல்லை. நீல மெத்தைகள் விரித்த தரை, நடிகை, அவளுக்குக் குடை பிடிக்கிற ஆள், மூலையில் ஃபோனோடு மேனேஜர். டூப் ஒருத்தி நடிகைக்குச் சொல்லிக் கொடுக்கும்போது முன்னால் முதுகைக் காட்டி நிற்பாள். பின்னால் நிற்கிறவள் அப்படியே செய்வாள். இவள் இடது என்றால் அவளும் இடது. அன்றைக்கு அக்கா அப்படி நிற்கவில்லை. நடிகைக்கு எதிரே போய், முகத்துக்கு நேராக நின்றாள்.

“இந்த மாதிரி எடைய இந்தப் பக்கம் போடுங்க மேடம். வலி இங்க ஆரம்பிச்சு இடுப்புக்கு ஏறும். மூச்ச விடாதீங்க, புடிச்சுக்குங்க.”

நடந்து காட்டினாள். நடிகையும் எதிரே அதேபோல் நடந்தாள். நன்றாகவே நடந்தாள். கடைசியில் அக்காவின் கையைப் பிடித்து, “உங்களுக்கு நெஜமாவே வலிக்குதா?” என்று கேட்டாள். அக்கா மேனேஜரைப் பார்த்தாள். அவர் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கடைசிப் பகுதி வந்த அன்று கேன்டீனில் நிற்க இடமில்லை. முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு இடிமகள் புகைக்குள்ளிருந்து நடந்து வந்தாள். முதல் அடியிலேயே ஃபிரேம் அலறினான்.

“வலது கால்! டேய், வலது காலை இழுக்கறாடா!”

எதிரே நின்று பார்த்துக் கற்றுக்கொண்டவளுக்குக் கால் மாறிவிட்டது. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. எடுத்தவர்கள், வெட்டி ஒட்டியவர்கள், யார் கண்ணுக்கும் அது படவில்லை. அவர்களுக்கு ஏதோ ஒரு கால். குழுவில் ரத்தம் கொதித்தது. இவ்வளவு நாள் காத்திருந்ததற்கு இதுவா, இடிமகள் செத்துவிட்டாள், இனி இந்தக் கம்பெனி எடுக்கும் எதையும் பார்க்க மாட்டோம் என்றார்கள். ஃபிரேம் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளில் கை போட்டான்.

“ஒரு காலுக்கு மரியாதை இல்லையேடா.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கையைத் தட்டிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். படிக்கட்டு, கொக்கி, அக்கா, ஸ்ப்ரே எல்லாம்.

மறுநாள் மத்தியானம் ஃபிரேம் எங்கள் வீட்டு வாசலில் நின்றான். உள்ளே வந்தவன் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக முழங்காலைத்தான் பார்த்தான். அக்கா அதன் மேல் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, தப்பா நெனைச்சுக்காதீங்க. ஒரே ஒரு தடவை நடந்து காட்டுறீங்களா?” ஃபோன் ஏற்கனவே கையில் உயர்ந்திருந்தது. சிவப்புப் புள்ளி எரிந்தது.

“ஏன்டா, அறிவிருக்கா உனக்கு? காட்சிப் பொருளா அவ? மனுஷங்க வீட்டுக்கு வந்தா மொதல்ல எப்படி இருக்கீங்கன்னு கேக்க மாட்டியா?”

“இல்ல மச்சான், குழுவுல நிரூபிக்கணும்ல...”

அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். அப்போது அக்காவின் ஃபோன் அடித்தது. திரையில் மேனேஜர் பெயர். அக்கா வெந்நீர்ப் பையைப் பிடித்திருந்த கையை எடுக்காமல், மறு கையால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

“என்னம்மா பண்ணி வெச்சிருக்கே?” மேனேஜரின் கத்தலில் அறை அதிர்ந்தது. “மேலிடத்துல என்னைக் கிழிக்கறாங்க! ஊரே சிரிக்குது! வலது காலைச் சொல்லிக் குடுத்திருக்கியே, பழி வாங்கறியா?”

“இல்ல சார். எதிர்ல நின்னு சொல்லிக் குடுத்தேன், அதுல மாறிப்போச்சு. வருஷக்கணக்கா எல்லாருக்கும் முதுகைக் காட்டியே நின்னாச்சு, ஒரு தடவை மூஞ்சியப் பார்த்துப் பேசணும்னு தோணுச்சு.”

“மூஞ்சி யாருக்கும்மா வேணும்? எந்தக் கால்னு உனக்குத் தெரியாதா? விழுந்தது நீதானே!”

அக்கா கொஞ்சம் நிமிர்ந்தாள். “எங்க சார் விழுந்தேன்?”

“எங்க விழுந்தியா? அந்த மின்நிலையத்துல, இரும்புப் படியிலேருந்து! கொக்கி கழண்டு, இடது கால் மடங்கி, நான் பக்கத்துலதானே நின்னேன்! என் கண்ணால பார்த்தேன், உனக்கு நெனப்பில்லையா?”

அந்தப் பக்கம் சத்தம் சட்டென்று நின்றது. பேசியது என்ன என்று அவர் காதுக்கு அப்போதுதான் எட்டியிருக்க வேண்டும்.

“நெனப்பிருக்கு சார்,” என்றாள் அக்கா. “ரொம்ப நல்லா நெனப்பிருக்கு.” ஃபோனை வைத்தாள்.

ஃபிரேமின் சட்டை இன்னும் என் கையில் இருந்தது. அவன் கையில் சிவப்புப் புள்ளி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க அவன் மறந்திருந்தான்.

“அக்கா...” என்றான் திக்கித் திக்கி. “எல்லாம் பதிவாயிருக்கு. குழுவுல போட்டா ஊரே உங்க பக்கம் நிக்கும்க்கா. இப்பவே போடறேன்.”

“உன் ஊரு போன வாரம் யார் பக்கம் நின்னுச்சு? அடுத்த வாரம் யார் பக்கம் நிக்கும்?” என்றேன்.

அவன் முதல் தடவையாக அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

“எனக்கு அனுப்பு,” என்றாள் அக்கா. “அப்பறம் உன் ஃபோன்ல அதை அழி. என் கண்ணு முன்னாடி.”

அழித்தான். ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனான். இன்சூரன்ஸ் ஆபீசுக்கு எந்தப் பஸ் என்று நான் தேட ஆரம்பித்தேன். அக்கா அந்தப் பதிவை ஓடவிட்டாள். முடிந்ததும் மறுபடி ஓடவிட்டாள். வெந்நீர்ப் பை ஆறிப்போயிருந்தது, அவள் கவனிக்கவில்லை.

“டேய்,” என்றாள். “அந்த ஃபேன நிறுத்து. ‘என் கண்ணால பார்த்தேன்’ங்கறது சரியாக் கேக்கல.”